பச்சை விழுந்த கிழங்கு

செப்டம்பர் 2, திங்கள்

எழுதினால் யாரையும் அடிக்காமல் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்த டைரி.

கோயம்புத்தூரில் ஏறி, பழனியிலும் கொடைக்கானலிலும் பஸ் மாறி மேல்மலைக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. கடைசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வழி நெடுக நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே வந்தார். ஜன்னலையும் திறக்க விடவில்லை. கூனிப்பாறை நிறுத்தத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

"வந்துட்டியா? பையக் குடு" என்றான். அவ்வளவுதான்.

ஒன்பது வருஷம் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் மெஸ் மேனேஜராக இருந்தவள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டவள், கல்லூரி நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு பைகளோடு எதற்கு வந்து நிற்கிறாள் என்று கேட்க வேண்டாமா? போன வாரம் போன் செய்து, "கிழங்கு எடுக்கணும், ஆள் கிடைக்கல, வர்றியா?" என்றான். வர்றேன் என்றேன். அவனுக்கு அது போதுமாம்.

கேட்கவில்லை என்று கோபம். கேட்டிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன்.

மதினி செல்லக்கிளி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இளைச்சுட்ட வடிவு. ஆஸ்டல் சோத்த நீயும் திங்கலபோல" என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். செம்பைத் தரையில் ணங்கென்று வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணன் நிலம் மலைச்சரிவில் ஆறு தட்டாக இறங்குகிறது. மேல் தட்டிலிருந்து ஆரம்பித்தோம். செடியைப் பத்து நாளைக்கு முன்பே அறுத்துவிட்டார்கள். காய்ந்த தண்டு மட்டும் அங்கங்கே நிற்கிறது. அண்ணன் முள்ளுக்கொத்தால் கிழங்கு நட்ட மண்மேட்டுப் பாரைப் பிளந்து புரட்டிக்கொண்டே போக, பின்னாலேயே நானும் மதினியும் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். மண் ஈரமும் சில்லிப்பும். அரை மணி நேரத்தில் விரல் நுனி மரத்துவிட்டது.

நானும் கொத்துவேன் என்று வாங்கினேன். முதல் கொத்திலேயே உள்ளங்கை அகலக் கிழங்கு ஒன்று இரண்டாகப் பிளந்தது. "செடிக்கு நேரா கொத்தாதத்தா. ஒரு சாண் தள்ளிக் கொத்தித் தூக்கு" என்றான். எனக்குத் தெரியாதா? பதினெட்டு வயது வரை இதே மண்ணில்தானே கிடந்தேன். இரண்டாவதும் பிளந்தது. கொத்தை அவன் காலடியில் எறிந்துவிட்டுப் பொறுக்கப் போனேன்.

மதியம் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும். தூக்குச்சட்டியின் அடியில் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தது. அதை நான் தொடவில்லை. "ஏன், பிடிக்காதா?" என்றாள் மதினி. "பசிக்கல" என்றேன். அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவது உருண்டைக் களியையும் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் 4, புதன்

இடுப்பு போய்விட்டது. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

இங்கே போனில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் மூன்றாவது தட்டின் ஓரத்தில் இருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். ஏறினேன். மெஸ் சமையல்காரர் நாச்சிமுத்து மாஸ்டரிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். கல்லூரியிலிருந்து ஒரு மெயில்: விசாரணைக் கமிட்டி 18-ஆம் தேதி கூடுகிறது, நேரில் வரவும்.

நடந்ததை ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 21, ஞாயிறு காலை, பூரியும் கிழங்கு மசாலும். பத்து மணிக்குள் வாந்தி ஆரம்பித்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பெண்கள். மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மதுவந்தி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி மட்டும் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். கிழங்கு பச்சை விழுந்து கிடந்திருக்கிறது. வெயிலோ வெளிச்சமோ பட்டுப் பச்சையான கிழங்கில் விஷம் ஏறும், வேக வைத்தாலும் போகாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். சமையலுக்குப் பொறுப்பு நாச்சிமுத்து மாஸ்டர். கிழங்கைக் கழுவியது, சீவியது, வேக வைத்தது எல்லாம் அவர் கையால். அன்று காலை நான் ஸ்டோர் பக்கமே போகவில்லை. இதை எழுத்து மூலமாகக் கொடுத்து, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவரையும் என்னையும் சஸ்பெண்ட் செய்தார்கள். பத்திரிகையில் அவர் பெயர் மட்டும் வந்தது.

அவ்வளவுதான் விஷயம். இதில் அந்த மனிதர் எனக்கு எதற்குப் பதினோரு முறை போன் செய்கிறார்?

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தால் இரண்டாவது தட்டைக் காட்டுமாடுகள் உழக்கி வைத்திருந்தன. குளம்பு பட்ட கிழங்கெல்லாம் நசுங்கிக் கிடந்தது. அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு, "சரி, மாட்டுக்கும் வயிறு இருக்கு" என்று கொத்தை எடுத்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கல்லை எடுத்துக் காட்டுப் பக்கம் எறிந்தேன். அங்கே ஒரு மாடும் இல்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. மழையும் சேர்ந்துகொண்டதால் தோட்டத்துக்குப் போகவில்லை. மதினி கொழுக்கட்டை பிடித்தாள். நான் தேங்காய் துருவினேன். சும்மா உட்கார்ந்திருந்தால் தலைக்குள் சத்தம் கேட்கிறது. ஈரத் துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்து காயப் போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மழை விட்டு நல்ல வெயில். மூன்றாவது தட்டு முடிந்தது. மதியத்துக்கு மதினி தூக்குச்சட்டி கொண்டுவரவில்லை. காய்ந்த செடியைக் குவித்துத் தீ வைத்து, அது கனிந்ததும் அப்போது எடுத்த கிழங்கு இருபதை மண்ணோடு சாம்பலுக்குள் தள்ளினாள். அரை மணி நேரம் கழித்துக் குச்சியால் உருட்டி வெளியே எடுத்து, ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம் மதினி."

"வேற சோறு இல்ல. திங்கிறதுன்னா தின்னு, இல்லாட்டி பட்டினி கெட." இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் கிழங்கைக் கைக்குக் கை மாற்றி ஊதிக்கொண்டே, கல்லுப்பை ஒட்டி ஒட்டித் தின்றான். அந்த வாசனை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஏழு வாரமாக நான் உருளைக்கிழங்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். கோபத்தோடு எடுத்தேன். பெருவிரலால் தள்ளினால் தோல் காகிதம் மாதிரி கழன்று வந்தது. உள்ளே மஞ்சள் பூத்து, மாவாக உதிர்ந்தது. ஒரு கல் உப்பு, பச்சை மிளகாய் ஒரு கடி.

எப்படி இருந்தது என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது. லேசான இனிப்பு. பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாத ருசி. ஐந்து தின்றேன். ஆறாவதை எடுத்தபோது கண் பொங்கிவிட்டது. புகை என்றேன்.

இதுதான் உருளைக்கிழங்கு என்றால், ஒன்பது வருஷம் நான் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன போட்டேன்? குளிர்கிடங்கில் எத்தனை மாதம் கிடந்ததோ, வெட்டினால் ஈரம் கசிகிற கிழங்கு. மசாலாவில் முக்கி, எண்ணெயில் முக்கி, நிறம் ஏற்றி. மெஸ் சாப்பாட்டை நான் சாப்பிட மாட்டேன், அறையில் தனியாக ரசம் வைத்துக்கொள்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு பெண் சாப்பாட்டில் குறை சொன்னால், "உங்க வீட்ல என்ன தினமும் விருந்தா?" என்று கேட்டு வாயை அடைப்பேன். அது நாவுக்கு நன்றாகவே பழகியிருந்தது.

அன்றைக்குப் பிரித்த மூட்டையில் முளையே கட்டைவிரல் நீளம் இருந்தது. தோல் மட்டுமல்ல, உள்ளேயும் விரற்கடை ஆழத்துக்குப் பச்சை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடிக்கவும் மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் மதினி கிழங்கைத் தோலோடு நறுக்கி, மலைப்பூண்டு தட்டிப்போட்டு வதக்கி வைத்திருந்தாள். கேட்டு வாங்கித் தின்றேன். அவள் இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

நாலாவது தட்டு.

செப்டம்பர் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று ஐந்தாவது தட்டைத் தோண்டினோம். ஆகஸ்டில் பெய்த மழை அங்கே பாரின் மண்ணையெல்லாம் கரைத்து இறக்கியிருக்கிறது. அண்ணனுக்கு அப்போது முதுகுவலி, மறுபடி மண் அணைக்க ஆளில்லை. பாதிக் கிழங்கு வெளியே தலைநீட்டி வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே தனியாகக் குவித்தோம். நாளை மதியம் ரோட்டுக்கு வியாபாரியின் லாரி வருகிறது. இன்று காலை நானும் மதினியும் வீட்டில் சாக்குக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் பந்தலில் தனியாக மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு அவனுக்குக் காபி கொண்டுபோனேன். எட்டு மூட்டை தைத்து நின்றது. ஒன்பதாவது பாதி நிறைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். பச்சை. அதன்மேல் நல்ல கிழங்கை ஒரு கூடை கொட்டி மூடப்போனான்.

"அண்ணே, இது என்ன?"

"என்னது என்ன? கிழங்கு."

"பச்சையா இருக்கு."

"கொஞ்சம் வெயில் பட்டுருச்சு. நடுவுல போட்டா தெரியாது. எல்லாரும் போடுறதுதானத்தா."

"இத யாரு திம்பா?"

"எவனோ திங்கிறான். ஒட்டஞ்சத்திரம் போயி அங்கருந்து எந்த ஊருக்கோ போகுது. ஓட்டல்காரன் வாங்குவான், ஆஸ்டல்காரன் வாங்குவான். தோலச் சீவிட்டுப் போட்டா..."

அவன் முடிக்கவில்லை. பந்தல் காலில் செருகியிருந்த அரிவாளை உருவி, முதல் மூட்டையின் தையலை அறுத்துக் கவிழ்த்தேன். இரண்டாவதை அறுத்தேன். "ஏய் வடிவு! கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்று கையைப் பிடிக்க வந்தான். அரிவாளை ஓங்கிவிட்டேன். என் அண்ணன்மீது. அவன் இரண்டு எட்டு பின்னால் போனான். எட்டு மூட்டையையும் அறுத்துக் கொட்டினேன். நல்லதும் பச்சையும் கலந்து, சரிவில் உருண்டு, கீழே முள்வேலி வரை ஓடியது. நான் என்னென்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. கொலைகாரன் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அவன் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"இம்புட்டு ரோசம் அன்னிக்கு எங்கத்தா போச்சு?"

"என்னைக்கு?"

"பேப்பர்ல படிச்சேன். சமையக்காரன் பண்ணுனான்னு போட்டிருந்தாய்ங்க. அந்தாளு உங்கிட்ட கேக்காம உப்புக்கூடப் போடமாட்டான்னு நீதான வாய் நிறையச் சொல்லிட்டிருப்ப? பொங்கலுக்கு வந்தப்பகூடச் சொன்ன."

மதினி அதற்குள் ஓடிவந்துவிட்டாள். என் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள். நான் கொடுத்தேன்.

அண்ணன் லாரிக்காரனுக்குப் போன் செய்யப் பாறைப் பக்கம் போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

லாரி முதல் நான்கு தட்டுக் கிழங்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் என்னோடு பேசவில்லை. அது நியாயம்.

ஐந்தாம் தேதி எழுதியதைப் படித்தேன். பொய். அதைக் கிழிக்காமல் உண்மையை இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை ஐந்தரைக்கு நான் ஸ்டோரில்தான் இருந்தேன். காய்கறி வண்டி முந்தின நாள் வரவில்லை. மூலையில் பழைய மூட்டை மூன்று கிடந்தது. மாஸ்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சமையல் பெண்கள் நாலைந்து பேர் நிற்கும்போது சொன்னார்: "மேடம், இது ஆகாதுங்க. முழுக்கப் பச்சை விழுந்திருச்சு. இன்னிக்கு பூரிக்குக் கடலமாவுல கொழம்பு வெச்சரலாங்க." 

நல்ல யோசனை. அரை மணி நேரத்தில் ஆகிவிடும் வேலை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர்மீது எனக்குக் கடுப்பு. வார்டனிடம் யாரோ, "மெஸ்ஸை நடத்துவது மாஸ்டர்தான்" என்று சொல்லியிருந்தார்கள். அது என் காதுக்கு வந்திருந்தது. அறுபது வயது மனிதரைப் பார்த்து, "எனக்குச் சொல்லித்தர வேணாம். தோலைச் சீவிட்டு, பச்சையை வெட்டிட்டுப் போடுங்க. மெனுவுல கிழங்குன்னா கிழங்குதான்" என்றேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு மசாலை ஒரு கரண்டி ருசி பார்த்தேன். நாக்கில் சுருக்கென்று ஒரு கசப்பு. மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பும் காரமும் தூக்கலாப் போட்டு எறக்குங்க" என்றேன். அவர் போட்டார்.

கடலை மாவு அதே ஸ்டோரில், என் முழங்கை உயரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும். கோபம் நீட்ட விடவில்லை.

விசாரணையில் மாஸ்டர், "மேடம்தான் போடச் சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறார். சமையல் பெண்கள் வேலைக்குப் பயந்து எதுவும் கேட்கவில்லை என்றார்கள். நான் அங்கே இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பாறைமேல் ஏறி மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு பேசமாட்டாருங்க."

"ஒரு நிமிஷம் குடுங்கம்மா."

"அவரு எத்தன வாட்டி கூப்ட்டாருங்க? அப்பெல்லாம் எடுக்கலீங்க. ரேசன் கடைக்குப் போனாக்கூட விஷம் வெச்சவன் பொண்டாட்டிங்கறாங்க. இப்ப எதுக்குங்க?" என்று வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள் அது யார்மீது என்று தெரியாமல் போயிற்று.

செப்டம்பர் 14, சனி

காலையில் நான் பந்தலுக்குப் போய்க் கொட்டின குவியலைப் பிரிக்க உட்கார்ந்தேன். மதினியும் வந்தாள். ஒன்றொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். நகத்தால் கீறினால் சிலவற்றில் தோலுக்கடியில் பச்சை தெரியும். கண் எரியும் வேலை.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணனும் வந்து, எங்களுக்கு எதிரே சாக்கைப் போட்டு உட்கார்ந்தான்.

"பச்சைய என்ன பண்ணலாங்கிற?" என்று மதினியைக் கேட்டான். என்னைத்தான் கேட்டான்.

"விதைக்கு வச்சுக்க. விதைக்குப் பச்சை இருந்தா நல்லதுதான" என்றேன்.

"விதைக்கு இத்தன எதுக்கு?"

"மிச்சத்தக் குழி வெட்டி மூடு."

"உடம்ப ஒடிச்சு வளத்தவன் நான். மூடுறதுக்கு நீ சொல்ற" என்று முணுமுணுத்தான். ஆனால் பிரித்துக்கொண்டேதான் இருந்தான். மதியத்துக்குள் என்னைவிட அவன் கறாராகிவிட்டான். நான் நல்ல பக்கம் போட்ட ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது என்னத்தா? கண்ணு தெரியலையா?" என்று பச்சைப் பக்கம் எறிந்தான்.

சாப்பிடும்போது இரண்டு பேரிடமும் சொன்னேன். மாஸ்டர் சொன்னது, நான் சொன்னது, கையெழுத்து, எல்லாம். மதினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் நிறுத்தவில்லை. கடைசி வாயையும் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"சின்னதுலயே உங்கிட்ட ஒரு தப்பச் சொல்லிட்டா, அந்தத் தப்ப இன்னும் பெருசாப் பண்ணிக் காட்டுவ. அப்பா அதுக்குப் பயந்தே உன்னய ஒண்ணும் சொல்லமாட்டாரு. நானுந்தான். போன் பண்ணி விஷயத்தக் கேக்காததுக்கு அதான் காரணம்."

நான் எழுந்து போகவில்லை. அவன் சொல்லி முடிக்கும் வரை இருந்தேன். எத்தனை கஷ்டம் அது.

"எங்களுக்குத் தெரியாம நீங்க செய்யப்பாத்ததும் தப்புதான்" என்று மதினி அவனைப் பார்த்துச் சொன்னாள். "சாக்குத் தைக்கச் சொல்லிட்டு எங்கள வீட்ல உக்கார வச்சது எதுக்குன்னு இப்பல்ல தெரியுது."

"சரி சரி" என்று கை கழுவப் போனான்.

செப்டம்பர் 16, திங்கள்

பிரித்து முடித்தோம். பச்சைக்கு அண்ணனே குழி வெட்டினான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை பஸ். மதினி வேக வைத்த கிழங்கும் மிளகாய்ப்பொடியும் இலையில் கட்டிக் கொடுத்தாள். அண்ணன் நிறுத்தம் வரை வந்தான். "முடிச்சுட்டு வந்துரு. ஆறாவது தட்டு அப்பிடியேதான் இருக்கு" என்றான். வருவேனா என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ் கேஸ் என் பக்கம் திரும்பினால் எங்கே இருப்பேனோ.

பழனி பஸ் நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒன்று கேட்டார். எந்த ஊர்க் கிழங்கு என்றார். எங்க வீட்டுக் கிழங்கு என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்து, "இதில் சேர்க்க வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பேனாவை மூடிவிட்டுத்தான் கேட்டார்.

"அது பொய்ங்க சார்" என்றேன்.

மறுபடி பேனாவைத் திறந்தார். ஐந்தரை மணி, மூன்று மூட்டை, கடலை மாவு, ஒரு கரண்டி ருசி. எல்லாம் சொன்னேன். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்றார்கள். "அவர் சொன்னது சரி. நான் கேட்கலை. அவ்வளவுதான்" என்றேன். மாஸ்டரின் சஸ்பென்ஷன் உத்தரவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். எனக்கு வேலை போனது. போலீஸ் கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். விடுதி அறையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் தந்தார்கள். பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

சூலூர்ப் பக்கம் மாஸ்டர் வீடு. ஒன்பது வருஷத்தில் ஒரு முறையும் போனதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட மொய்க் கவரைத்தான் கொடுத்தனுப்பினேன்.

கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றேன். "தப்பு என்னுதுங்க மாஸ்டர். கமிட்டில சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் திட்ட ஆரம்பித்தார். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. பக்கத்து வீடுகளில் ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர் சொன்னது எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு இடத்தில், அப்படி இல்லை, இப்படி என்று திருத்த வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கி அவர் கதவில் சாய்ந்துகொண்டபோது அவர் மனைவி, "போதுமுங்க, உள்ள வாங்க" என்றார்.

அவர் போகவில்லை. கடைசியாகக் கேட்டார்: "அந்தப் புள்ள வீட்டுக்குப் போனீங்களா?"

"எந்தப் புள்ள?"

"மதுவந்திங்க. காலேஜே வேண்டாம்னு வீட்டோட இருக்குது. அவங்கம்மா சோறு ஊட்டுனாலும் மோந்து பாத்துட்டுத்தான் திங்குதாம். நான் ரெண்டு வாட்டி போனனுங்க. மொத வாட்டி செருப்பெடுத்து வீசுனாங்க. ரெண்டாவது வாட்டி நாயை அவுத்து உட்டாங்க. பண்ணாத தப்புக்கு நான் போய் நின்னனுங்க."

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் விலாசத்தை எழுதி, என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

குனிந்து எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

தாராபுரம். பஸ் நிலையத்திலிருந்து விசாரித்து நடந்து போனேன். தறிச் சத்தம் கேட்கிற தெரு. வீட்டைத் தாண்டிப் போய், முனையில் இருந்த கடையில் வேண்டாத ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாய் வேலிக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று நான்கைந்து விதமாக அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு ஓரத்தில், காய்கறி வண்டி வரவில்லை என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை.

நாய்ச் சத்தத்தில் கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தார். அவருக்குப் பின்னால், நடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு மதுவந்தி நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருங்க?" என்றார் அம்மா.

நான் என் பெயரைச் சொன்னேன்.